பாவாடை கட்டிய மேசை

பிப்ரவரி 9, வெள்ளி

ஒரு சுவராவது அடித்தேனா இல்லையா, அதை முதலில் சொல், பூவாத்தா. கொச்சி ஏர்போர்ட் வாசலில், டிராலி தள்ளுகிறவன் காதுவரைக்கும் விழுகிற மாதிரி, "நீங்க பெயிண்டே அடிக்கல, அத்தனையும் பொய்யி" என்று சொல்லிவிட்டாய். பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்து என்னை உள்ளே அனுப்பிவிட்டார். வழி முழுக்க அந்தப் பதில் தொண்டையிலேயே நின்றது. இப்போது எழுதுகிறேன், படித்துக்கொள். நம் ஹாலில் வடக்குச் சுவர். நானே பிரஷ் பிடித்து அடித்தேன். இளம்பச்சை. பதினொரு வருஷமாக அந்த ஒரு சுவர் பச்சையாகவும் மற்ற மூன்றும் பழைய மஞ்சளாகவும் நிற்கிறதே, அது யார் அடித்தது? மீதியை அடிக்க ஆள் கூப்பிட்டபோதெல்லாம் அப்படியே கிடக்கட்டும் என்று தடுத்தவள் நீ. ஆக, அடிக்கவே இல்லை என்பது அபாண்டம். கால்வாசி அடித்தார் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

இந்த உரக்கடை டைரியைக் கையில் கொடுத்து நீ போட்ட கட்டளை இரண்டு. ஒன்று, நம் மகள் அம்மிணிக்குக் குழந்தை இல்லாததைப் பற்றி அவளிடம் விளையாட்டுக்குக்கூட வாய் திறக்கக் கூடாது. இரண்டு, அந்த லாட்ஜ் விஷயத்துக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்காமல் ஊர் திரும்பக் கூடாது. லாட்ஜ் விஷயம் என்ன பெரிய விஷயம்? கல்யாணம் முடித்து அவளும் மாப்பிள்ளையும் முதல் தடவை உடுமலைக்கு வந்தபோது, வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் நாலு நாள் ரூம் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

போனில் சொன்னால் புளுகுவேனாம், அதனால் தினமும் எழுத வேண்டுமாம். எட்டாவது வரைதான் படித்தேன், மீதிப் படிப்பெல்லாம் முப்பத்திரண்டு வருஷம் பொள்ளாச்சி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தது. பிழை இருந்தால் திருத்திப் படி, பூவாத்தா.

வந்து சேர்ந்துவிட்டேன். மாட்ரிட்டில் மாப்பிள்ளை காரோடு நின்றார். "வாங்க மாமா, சாப்டீங்களா?" என்றார். திருப்பூரில் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பனியன் செக்கிங் பார்த்த இரண்டு வருஷத்தில் பிடித்த தமிழ், இன்னும் விடவில்லை. பெயர் இக்நாசியோ. நான் இன்னாசி என்றுதான் கூப்பிடுகிறேன். அதற்கும் சிரிக்கிறார்.

ஊர் பெயர் த்ருஹீயோ. கல் கோட்டை, கல் வீடு, கல் தெரு. சர்ச் கோபுரத்தின்மேல் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. அவை அலகைத் தட்டும் சத்தம், பஸ் கம்பியில் காசைத் தட்டி யாரோ டிக்கெட் கேட்கிற மாதிரியே இருக்கிறது. திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இவர்கள் குடும்பம் தலைமுறையாக நடத்துகிற விடுதி சதுக்கத்தின் மூலையில். பழைய அரண்மனை மாதிரி, ஒன்பது அறை. வாசலில் நம் தமயந்தி அம்மிணி நின்றாள். கொஞ்சம் நரைத்திருக்கிறாள். "வாங்கப்பா. பிரயாணம் சௌரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டு, ஆணியிலிருந்து ஒரு பித்தளைச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். மாடியில் ஏழாம் நம்பர்.

நீ இரண்டு தடவை வந்தபோதும் சமையலறைக்குப் பின்னால், அவர்கள் புழங்குகிற பக்கத்தில்தான் படுத்தேன் என்று சொன்னாய். எனக்குச் சாவி.

பிப்ரவரி 10, சனி

அறையில் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் குறை. ஜன்னலைத் திறந்தால் சதுக்கம், நடுவில் குதிரைமேல் வெண்கலத்தில் ஒரு ஆள், எதிரே நாரைக் கோபுரம். மெத்தை புதுசு. மேசைமேல் ஒரு தட்டில் காய்ந்த அத்திப்பழம் வைத்திருக்கிறார்கள். நான் தொடவில்லை. இனிப்பு ஆகாது.

மதியச் சோறு இங்கே இரண்டரை மணிக்கு. அம்மிணிதான் பரிமாறினாள். வெள்ளை விரிப்பு, இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று குனிந்து கேட்டாள். பக்கத்து மேசை ஜெர்மன்காரரிடமும் அதே குனிவு, அதே சிரிப்பு. உப்பு கம்மி, இந்த லாட்ஜுக்கு மேனேஜர் யாரு, கூப்பிடு என்றேன். நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். அவள் உப்புக் குப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தாள்.

விருந்தாளிகள் எழுந்த பிறகு, நாலு மணிக்குத்தான் வீட்டுக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். பாத்ரூம் தேடுகிறவன் மாதிரி பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு வட்ட மேசை. அதற்குப் பாவாடை கட்டியிருக்கிறார்கள். பொய்யில்லை. கனத்த சிவப்புத் துணி, தரைவரைக்கும். மேசைக்கு அடியில் கரண்ட் அடுப்பு, முன்காலத்தில் கரித்தணல் வைப்பார்களாம். அந்தப் பாவாடையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, காலை உள்ளே விட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மேலே பார்த்தால் மூன்று பேர், கீழே ஒரே பாவாடை. மாப்பிள்ளையின் அம்மா கொன்சுவேலோ ஏதோ சொன்னார், எழுபது வயசுக்கு என்ன கணீர்க் குரல். அம்மிணி வாயில் ரொட்டியோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நம் வீட்டில் இருந்தது.

நாலாவது நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மாடிக்கு வந்து இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டேன். இந்த ஊர்க் குளிர் முதலில் பாதத்தைத்தான் பிடிக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

மழை. சாக்ஸ் காயவில்லை. இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் மிகாஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். பழைய ரொட்டியை உதிர்த்துப் பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தது. நம் உப்புமாவுக்குப் பெரியப்பா மகன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மீதியை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

இங்கே சாவிகளில் நம்பர் தேய்ந்துபோய்விட்டது, தொங்குகிற ஆணிதான் அடையாளம். வரவேற்பில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மூன்றாவது சாவியையும் ஐந்தாவது சாவியையும் மாற்றித் தொங்கவிட்டேன். சும்மா. பஸ்ஸில் டிரைவர் பழனிச்சாமியின் செருப்பை ஒளித்துவைத்து அவரை வெறுங்காலோடு டீ குடிக்க விட்ட மாதிரி. ஜெர்மன்காரர் பூட்டோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். அவர் மனைவிக்கு இன்சுலின் போடுகிற நேரமாம், மருந்து உள்ளே இருந்ததாம். அந்தம்மா படியில் உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளை வேறு சாவி கொண்டுவந்து திறந்தார். பாதகமில்லை, ஊசி போட்டுச் சரியாகிவிட்டது.

யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மிணி மட்டும் என் அறைக்கு வந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை.

"அப்பா, நீங்க வெளையாட்டுன்னு செய்யறது ஒவ்வொண்ணுலயும் யாரோ ஒருத்தர் வாசல்ல நிக்க வேண்டியிருக்குது" என்றாள். தட்டில் அத்திப்பழம் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். பிடிக்கவில்லையா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று படையெடுத்தேன். நாலு மணிக்கு என் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போய், அந்த நாலாவது நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். நம் வீட்டு ஆள் நம் வீட்டு மேசையில் உட்காருவதற்கு என்ன பேச்சு?

கொன்சுவேலோ விருட்டென்று எழுந்தார். நெஞ்சில் கை வைத்தார். ஏதேதோ சொன்னார். என் முழங்கையைப் பிடித்து, தட்டை வாங்கிக்கொண்டு, என்னைத் திரும்பவும் விருந்தாளிக் கூடத்துக்கே கூட்டிவந்துவிட்டார். ஜன்னலோர மேசைக்குப் புது விரிப்பு போட்டார். நாற்காலியைத் துடைத்தார். தலை குனிந்து ஒரு வணக்கம். பின்கட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அம்மிணியும் மாப்பிள்ளையும் இருந்த இடத்தை விட்டு எழவில்லை.

சரி, புரிந்தது. லாட்ஜில் தங்கவைத்தவனை லாட்ஜில் தங்கவைக்கிறார்கள். கணக்காகத்தான் செய்கிறார்கள். ஆட்டுக்கறியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். உன் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அவளல்லவா கேட்க வேண்டும்.

பிப்ரவரி 14, புதன்

வெயில். மொட்டைமாடியில் அம்மிணி விடுதி விரிப்புகளைக் காயப்போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. போய் மறுமுனையைப் பிடித்தேன். எட்ட நின்று இழுத்து உதற வேண்டும், அப்புறம் நடந்துவந்து நுனியை எதிராளி கையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு தடவை முகத்துக்கு நேராக வந்து நிற்கிறோம். மூன்று விரிப்பு மடித்தோம். நாலாவதில் கேட்டேன்.

"உம்மாமியா என்னைய மேசையில இருந்து எழுப்பி வுட்டாங்களே, இப்புடிப் பழி வாங்கச் சொல்லிக் குடுத்தது நீயா, மாப்பிள்ளையா?"

விரிப்பை இழுத்தபடியே நின்றாள்.

"பழியா? அவுங்க உங்களுக்கு மரியாத பண்றாங்கப்பா."

பிறகு சொன்னாள். உடுமலையிலிருந்து இவர்கள் திரும்பி வந்ததும் கொன்சுவேலோ மகனிடம் முதலில் கேட்டது, உன் மாமனார் வீட்டில் எந்த அறையில் படுக்கவைத்தார்கள் என்பதுதானாம். விடுதி நடத்துகிறவர், வேறு எதைக் கேட்பார்? பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் நாலு நாள் கிடந்தேன் என்று சொல்ல மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை. அந்த ஊர் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டுக்குள் படுக்கக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, அது பெரிய மரியாதை என்று சொல்லிவிட்டார். நல்ல விடுதியாகப் பார்த்து அமர்த்துவார்களாம், மாமியார் மட்டும் சோறு கொண்டுவருவாராம். கொன்சுவேலோ அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். விதி ஆம்பிளைக்குத்தான் என்பதால் உன்னை உள்ளே படுக்கவைத்தார். நான் வருகிறேன் என்றதும் ஏழாம் நம்பருக்குப் புது மெத்தை வாங்கினார். அதற்கு ஏற்கனவே வந்திருந்த ஆட்களை வேறு விடுதிக்கு அனுப்பினார்.

"நேத்து நீங்க தட்டத் தூக்கீட்டு வந்தீங்களே, அப்பறம் சமையக்கட்டுல நின்னு அழுதாங்க. நமக்காவ வழக்கத்தையே உட்டுட்டு வந்தாரே, நாம உடக்கூடாதுன்னு."

கொன்சுவேலோவிடம் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு சொல்றதுங்க? எங்கப்பாவுக்கு அப்புடி வழக்கமெல்லாம் இல்லீங்கன்னா?" நடந்துவந்து நுனியை என் கையில் வைத்தாள். "அப்பறம் எதுக்கு அப்புடிச் செஞ்சாருன்னு கேப்பாங்கல்ல."

ஐந்தாவது விரிப்பை எடுத்தாள். மொத்தம் பதினெட்டு. எல்லாவற்றையும் மடித்தோம். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை நான்.

பிப்ரவரி 15, வியாழன்

தலைவலி என்று சொல்லி அறையிலேயே இருந்தேன். தலைவலி இல்லை.

சரி பூவாத்தா. அந்தச் சுவரை நான் அடித்தது அவர்கள் வருவதற்கு முந்தின நாள். வீட்டில் பெயிண்ட் வாடை வர வேண்டும் என்பதற்காக அடித்தேன். உனக்கு அது தெரியும், அதனால்தான் மீதியை அடிக்க விடவில்லை. பங்காளிகள் பேசுவார்கள், அண்ணன் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அன்றைக்கு உன்னிடம் சொன்னேனே, அதுவும் பெயிண்ட்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிட்டுச்சாமிக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை என்று என்னை ஓட்டுவார்கள். அதுதான் பயம். முப்பத்திரண்டு வருஷம் ஏறினவன் இறங்கினவன் எல்லாரையும் ஓட்டினேன். ஒருநாள் பிறர் என்னை ஓட்டுவதைத் தாங்கத் தைரியம் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. கடைசி நாள் நீ சோற்றுத் தூக்குப் போசியோடு லாட்ஜுக்குப் போயிருந்தாய். அந்த நேரத்தில் மாப்பிள்ளை தனியாக நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். கேட்டிலேயே மறித்துக்கொண்டேன். பெயிண்ட், பெயிண்ட், ஒட்டிக்கும் என்று கையை ஆட்டிச் சிரித்தேன். அவர் கேட்டுத் தூணைத் தொட்டுப் பார்த்தார். பனியனைத் தடவியே தையல் குறையைக் கண்டுபிடிக்கிற விரல். அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. எனக்குக்கூடக் காட்டவில்லை, பூவாத்தா. வேட்டியில் துடைக்கிற மாதிரி, ஒட்டாத பெயிண்ட்டைத் தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். சிரித்தார். பொட்டலத்தைத் தூண்மேல் வைத்துவிட்டு "போலாம் ரைட்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என் பஸ் பேச்சை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மிணியாகத்தான் இருக்கும், என்னைச் சந்தோஷப்படுத்த.

பொட்டலத்தில் இருந்தது அத்திப்பழம். கடையில் வாங்கினேன் என்று உன்னிடம் கொடுத்தேன். நல்லாருக்குதுங்க, எந்தக் கடை என்று நீ கேட்டாய்.

பிப்ரவரி 16, வெள்ளி

கொன்சுவேலோவிடம் நானே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். என் பேச்சை யார் மொழிபெயர்த்துச் சொல்வது? மாப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். காலையில் ரொட்டிக்கடைக்கு அவரோடு போனேன். கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தது. எதுக்கு என்று கேட்டேன். மாப்பிள்ளை காதெல்லாம் சிவந்துபோனார். அவர் அம்மா இந்த வழக்கத்தை ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாராம். எவ்வளவு மரியாதை தெரிந்த சனம் என்று பெருமையாக.

திரும்பி வரும்போது, சதுக்கத்துப் படியில் அவரை நிறுத்தி, உங்க அம்மாவிடம் நான் பேச வேண்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் ரொட்டியைக் கைமாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேண்டா மாமா. அம்மாக்கு எழுபது வயசு. நான் பொய் சொல்லிச்சுன்னு இப்ப தெரிய வேண்டா." அப்புறம் என் தோளைத் தட்டினார். "பீஸ் ஓகே மாமா. பாஸ்."

பனியனைத்தான் அப்படிப் பாஸ் பண்ணுவார்கள், கிழிசலை மடித்து உள்ளே வைத்து.

ஆக, நான் அந்த மேசையில் உட்கார வேண்டுமானால் அவர் பொய்யராக வேண்டும். மதியம் ஜன்னலோர மேசையில் ஒழுங்காக உட்கார்ந்தேன். கொன்சுவேலோ வணக்கம் வைத்தார். நானும் நெஞ்சில் கை வைத்து வணக்கம் வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. உப்பும் சரியாக இருந்தது.

நாளை பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். கேட்கவில்லை, கேட்கவில்லை, கேட்கவில்லை. இதோ நீ திட்டுவதற்கு வசதியாக மூன்று தடவை எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

மாட்ரிட் போகும் காரில் எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

காலை ஆறரைக்குக் கதவை யாரோ தட்டினார்கள். அம்மிணி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னாள். இரண்டு பேரும் வெறும் சாக்ஸோடு கல் படியில் இறங்கினோம். எங்கே என்று கேட்டால் உதட்டில் விரல் வைக்கிறாள். அவள் சின்னப் பிள்ளையில் நீ தூங்கும்போது அவளைக் காலை முதல் டிரிப் பஸ்ஸுக்குக் கூட்டிப்போய் முன்சீட்டில் உட்காரவைப்பேனே, அது ஞாபகம் வந்தது.

பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். மேசைக்கடியில் அடுப்பைப் போட்டு வைத்திருந்தாள். நாலாவது நாற்காலியை இழுத்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்தாள்.

"உள்ள வுடுங்கப்பா காலை. எட்டு நாளா எட்டி எட்டிப் பாத்தீங்கல்ல."

விட்டேன். எப்படிச் சொல்வேன் பூவாத்தா. அடைமழையில் நனைந்துவிட்டு பஸ் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தால் இருக்குமே, அது. துணியை என் மடியில் இழுத்துவிட்டாள். எதிரே அவளும் காலை விட்டுக்கொண்டாள். அவள் கால் என் கால்மேல் பட்டது, எடுக்கவில்லை. டம்ளரில் காப்பி, நம் ஊர் மாதிரி நுரை தள்ள ஆற்றியிருந்தாள். கூடவே அந்த அத்திப்பழத் தட்டு. ஒன்று எடுத்துத் தின்றேன்.

இந்த மேசைக்குச் சீலை எப்பக் கட்டுவீங்க, வயசுக்கு வந்து நாளாச்சே என்றேன். சிரித்தாள். வாயில் காப்பியோடு. நான் பார்த்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். உன் கட்டளை ஞாபகம் வந்தது. ஆரம்பித்தேன்.

லாட்ஜில் போட்டது தப்பு என்றேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டினாள். சுவர் அடித்தது வாடைக்காக என்றேன். அதுவும் தெரியும் என்கிற மாதிரி ஆட்டினாள். கால் இன்னும் என் கால்மேல்தான் இருந்தது. முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம்.

"கடேசி நாளு மாப்பிள்ளை ஊட்டுக்கு வந்தாரே, அன்னிக்குக் கேட்டுத் தூணுல பெயிண்டே இல்ல அம்மிணி. அவரு தொட்டுப் பாத்தாரு. நான் சிரிச்சுட்டு…"

"அவரு நம்மூட்டுக்கு வந்தாரா?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினொரு வருஷம் பக்கத்தில் படுத்தவளிடமும் அந்த மனுஷன் அதைச் சொல்லவில்லை.

நான் சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயம். அத்திப்பழத்தைச் சொன்னேன். அவர் விரலைத் துடைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவள் கால் என் கால்மேல் இல்லை. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"அத்தை எந்திரிச்சிட்டாங்க" என்றாள்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் காது மந்தம் என்று நீதான் எப்போதும் சொல்வாய். அவளுக்குக் கேட்டிருக்கும். டம்ளர் இரண்டையும் எடுத்தாள், தட்டை எடுத்தாள், என் மடியில் கிடந்த துணி கீழே விழாமல் ஒதுக்கிவிட்டாள். சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"அம்மிணி, இரு, நான் என்ன சொல்ல வந்தேன்னா, அன்னிக்கு நான்…" என்றேன் அவள் முதுகைப் பார்த்து. கதவு ஆடி நின்றது. மேசைக்கடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் இன்னும் முடிக்கவில்லை.